யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தெரியாமல் போன ஐந்து வருடங்கள்

ஒரே உடலுக்குள் ஒருவருக்கு மேற்பட்டவராக வாழ்வது எப்படி இருக்கும் என்று 2018ஆம் ஆண்டுக்கு முன்னால் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிற என் அத்தையைக் காட்டியிருப்பேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு வந்த ஐந்து வருடங்களில் என் வேலை போனது, அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகில் ஏலம் போனது, அந்தச் சங்கிலியைச் சேர்க்காமலே 317,500 ரூபாய் கரைந்தது. எனக்கு நடந்த ஒன்றை வேறொன்று என்று மற்றவர்களும் நம்பி, நானும் நம்பியதால் போனதுதான் இதில் பெரும்பகுதி. இலங்கை மலைநாட்டில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான ஏதோவொரு லயத்தில் இதே நிலையில் இன்றைக்கு ஒரு பெண்ணோ பையனோ வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய விடயங்களை அவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஏ.எல். என்கிற உயர்தரம் வரை படித்து, ஹட்டன் நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் காசாளராக ஆறு வருடம் வேலை செய்தவள் நான். 2018 நவம்பரில் ஒரு நாள் மாலை கணக்கை முடிக்கும்போது 27,000 ரூபாய் குறைந்தது. நான் அன்றுவரை ஒரு ரூபாய்கூடத் தவறவிட்டதில்லை என்பதால் முதலாளி திட்டவில்லை. மூன்று மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்வதாக மட்டும் சொன்னார். என்னை உலுக்கியது அந்தத் தொகையல்ல. கணக்குப் புத்தகத்தில் அன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையான வரவுகள் என் எழுத்தில் இல்லை. என் எழுத்து உருண்டையாக நேராக நிற்கும். அந்த வரிகள் இடப்பக்கமாகச் சாய்ந்து, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தன. அந்த இரண்டு மணி நேரத்தில் வேறு யாரும் என் நாற்காலியில் உட்காரவில்லை என்று கடையிலிருந்த எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ அந்த இரண்டு மணி நேரம் இல்லவே இல்லை. மூன்று வாரம் கழித்து, கட்டிலுக்கடியில் கிடந்த பழைய பால்மா டின்னைத் துடைக்க எடுத்தபோது, எட்டாக மடித்து டொஃபித் தாள்களில் சுற்றிய நோட்டுகள் அதற்குள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்: 6,300 ரூபாய். மீதி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. திருடி என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில், அந்த டின்னை யாருக்கும் காட்டாமல் மூடி வைத்தேன். நான் செய்த முதல் பிழை அது. நம்பிக்கையான ஒருவருக்காவது அன்று அதைக் காட்டியிருந்தால், பிறகு நடந்த பாதி நடந்திருக்காது.

2019 ஜனவரியில், கடையைவிட்டு வெளியே வந்து குடையை விரித்தது நினைவிருக்கிறது. அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது நானுஓயா ரயில் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்ததுதான். கையில் மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு, விரல் நுனிகள் குளிரில் மரத்துப்போயிருந்தன, மடியில் பாதி தின்ற பனிஸ் ஒன்று. ஹட்டனிலிருந்து மேலே போகிற ரயில் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்துதான் வர வேண்டும். சுரங்கத்துக்குள் போன ரயில் எனக்கு மட்டும் வெளியே வரவில்லை என்பதுபோல இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "மகளே, இவ்வளவு நேரம் சின்னப்பிள்ளை மாதிரிப் பேசிக்கிட்டு இருந்தியே, இப்ப ஏன் அழுற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு நான்கு வருடம் எடுத்தது.

நேரம் இப்படிக் காணாமல் போகத் தொடங்கினால் மூன்று காரியங்களை உடனே செய்யுங்கள் என்று இப்போது சொல்வேன். உங்கள் பெயரும், வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டு ஒன்றைக் கைப்பையில் எப்போதும் வைத்திருங்கள். காசு, நெருப்பு, இயந்திரம் ஆகியவற்றோடு தனியாக நிற்கிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறொருவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வெட்கத்தைவிட அது மலிவானது. அடுத்து, வேறு எதையும் யோசிப்பதற்கு முன் உடம்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். வலிப்பு நோயின் சில வகைகளில் கை கால் வெட்டாமலே நினைவு மட்டும் தப்பிப்போவது உண்டு. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற ஈ.ஈ.ஜி. பரிசோதனையை எனக்கு 2022இல்தான் செய்தார்கள். அது முதல் மாதத்திலேயே நடந்திருக்க வேண்டியது.

2019 மே மாதத்தில் இன்னொரு 14,500 ரூபாய் குறைந்தது, வேலையும் போனது. வீட்டில் எல்லோரும் காத்துக் கருப்பு என்றார்கள். காவல் தெய்வமான ரோதமுனியின் கோயிலைத் தாண்டி அந்தி நேரத்தில் தனியாக வந்ததுதான் காரணம் என்று ஒரு பெரியம்மா உறுதியாகச் சொன்னார். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்குத் தெரிந்த மொழியில் அவர்கள் என் துன்பத்துக்குப் பெயர் தேடினார்கள். வேற்றூரிலிருந்து பேயோட்டுகிற கோடாங்கி ஒருவரை அழைத்து வந்தார்கள். முதல் முறை 35,000, அடுத்த முறை 60,000, மூன்றாவது முறை ஆட்டுக்கிடாயும் இரவுப் பூசையுமாக 85,000. மொத்தம் 180,000 ரூபாய். அந்த வருடம்தான் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ரூபாயாக உயர்ந்திருந்தது. அம்மா மலையேறிக் கொழுந்து பறித்து 257 முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை, போட்டால் வருகிற பணம் அது. உடுக்கு அடித்து, வேப்பங்குழையால் அடித்து, மூன்றாவது இரவில் மிளகாய்ப் புகையில் என் தலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "யார் நீ? போறியா இல்லையா?" என்று கேட்டார்கள். போகிறேன் என்று யாரோ என் வாயால் சொன்னார்களாம், எனக்குத் தெரியாது. தெரிந்தது என்னவென்றால், அதற்குப் பிறகு மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்த நேரம் நாட்கணக்கில் போகத் தொடங்கியது. முன்பு எப்போதாவது வந்த, கரகரத்த குரலில் அதட்டிப் பேசுகிற ஒருவர், அந்த இரவுக்குப் பிறகு வீட்டில் யார் என்னைத் தொட்டாலும் எழுந்து நிற்கத் தொடங்கினார். அடிக்கிறவரை, புகை போடுகிறவரை, பட்டினி போடச் சொல்கிறவரை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் விடாதீர்கள். பயத்தால் பிரிந்து நிற்கிற ஒன்றைப் பயமுறுத்தினால் அது இன்னும் ஆழமாகப் பிரியும் என்பதை என் உடம்பில் கற்றேன்.

என்னைத் திருப்பியது அத்தைதான். 2020இல் ஊரடங்கு வந்தபோது அவர் லயத்தில் எங்கள் வீடான காம்பராவில் மாட்டிக்கொண்டு ஆறு வாரம் தங்கினார். கரகம் பாலிக்கிற அன்று தொடங்கித் திருவிழா முடியும்வரை அவர்மீது அம்மன் வந்துபோவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், ஆனால் அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே அவர் சொன்னார்: முதலில் உள்ளங்கால் குளிர்ந்துபோகும், பிறகு தப்புச் சத்தம் காதுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும், அதற்குப்பின் மஞ்சள் தண்ணீர் முகத்தில் படும்வரை பாதி நினைவிருக்கும் பாதி இருக்காது. "ஆனா புள்ள, ஆத்தா வந்தா மொதல்ல கும்பிட்டுக் கேப்பாங்க, தாயே யாரு வந்திருக்க, ஒனக்கு என்ன கொறைனு. கேட்டதக் குடுப்பாங்க. அப்புறம்தான் மலையேறச் சொல்வாங்க. ஒன்ன அப்பிடி யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. கோடாங்கியும் யார் என்றுதான் கேட்டார், ஆனால் விரட்டுவதற்காகக் கேட்டார். அருள் வந்தவரிடம் பூசாரி கேட்பது வரவேற்பதற்காக. நான் இந்தப் பகிர்வில் சொல்ல வந்ததில் பாதி அத்தையின் அந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது.

அன்றிரவு ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில், "யார் வந்திருக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று எழுதி, பேனாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கினேன். நான்கு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில், கோட்டுக்குக் கோடு தாண்டி ஓடுகிற பெரிய பெரிய எழுத்துகளில், "நாங்க ஒளிச்சு வச்சோம். ஒனக்குச் சொல்ல மாட்டோம்" என்று இருந்தது. அதற்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்த அழுத்தமான எழுத்தில், "பிள்ளையைக் கேள்வி கேட்காதே. இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வா" என்று இருந்தது. பயத்தில் எனக்கு வயிறு புரண்டது. ஆனாலும், இரண்டு வருடமாக என் பணத்தையும் நேரத்தையும் எடுத்தது யார் என்று முதன்முறையாகத் தெரிந்த ஆறுதலும் அதே நேரத்தில் வந்தது. காசை ஒளித்தவள் ஏழெட்டு வயதுப் பிள்ளை; பசி வரும் என்று பயந்து ஒளித்திருக்கிறாள். நான் அவளைச் சின்னவள் என்கிறேன். மற்றவரைப் பெரியவர் என்கிறேன். எங்கள் மூவருக்கும் சிறுவயதில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படித்துப் பயன்பெற அது தேவையும் இல்லை.

அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கேயும் இரண்டு வருடம் போனது. கிளினிக்கில் இருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் கடைவீதி அளவுக்குத்தான் வரும். இடையில் மொழிபெயர்க்க வந்தவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல. "எனக்குள்ளே வேற ஆளுங்க இருக்காங்க, அவங்க வர்றப்ப எனக்கு நினைவு இருக்கறதில்ல" என்று நான் சொன்னதை, அவர் "குரல்கள் கேட்கின்றனவாம்" என்று சுருக்கினார். அந்த அளவுக்கு எனக்கும் சிங்களம் புரிந்தது, திருத்துவதற்குத்தான் வாய் வரவில்லை. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்கான மருந்து எழுதப்பட்டது. எடை 14 கிலோ கூடியது, காலையில் எழுந்திருக்க முடியவில்லை, சின்னவளும் பெரியவரும் வருவது மட்டும் நிற்கவில்லை. வைத்தியர் கெட்டவர் அல்ல. தவறான ஒரு வாக்கியம் அவர் மேசைக்குப் போனது, சரியான விடை அதிலிருந்து வர வழியில்லை. ஸ்கிசோஃப்ரினியா என்பது ஆள்கள் பலராகப் பிரிவது அல்ல, இரண்டும் வேறு. அந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து பெரும் உதவி. என்னுடையதைப் போன்ற பிரிவைக் குணப்படுத்தவென்று தனி மருந்து எதுவும் இல்லை. உடன் வருகிற மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மட்டுமே மருந்து கொடுப்பார்கள்.

கிளினிக்குக்குப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் இரு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். குரல் கேட்கிறதா, அல்லது இன்னொருவர் உங்கள் இடத்தில் உட்காருகிறாரா, அப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா, அல்லது ஒன்றுமே தெரியாமல் போகிறதா என்ற வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் போனது, எங்கே விழித்தீர்கள், என்ன பொருள் கையில் இருந்தது என்று திகதியோடு குறித்து வையுங்கள். கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வைத்தியரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளுங்கள்; நான் ஒருமுறை கோபத்தில் ஒரேயடியாக நிறுத்திவிட்டு ஒன்பது நாள் தூக்கமில்லாமல் தவித்தேன். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத மாதங்களில் மருந்துத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. கையில் ஒரு வாரத்துக்காவது மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்பதை அப்போது படித்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் அதே கிளினிக்குக்குப் புதிதாக வந்த தமிழ் பேசுகிற இளம் வைத்தியர் ஒருவர் என் கொப்பியை வாங்கி, நின்றபடியே பதினைந்து பக்கம் படித்தார். ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்லி, கண்டியில் ஓர் உளவியலாளரிடம் துண்டு எழுதிக் கொடுத்தார். உளவியலாளர் 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பொறுமையாகத் தமிழில் கேட்டு நிரப்பிய பிறகு பல வாரம் பேசினார். ஒருவருக்குள்ளேயே பலராகப் பிரிந்து நிற்கிற இந்த நிலைக்கான டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸோடர் என்ற பெயரை 2023 மார்ச்சில்தான் கேட்டேன். முன்பு அது மல்டிபிள் பெர்சனாலிட்டி என்று அழைக்கப்பட்டது, 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பெயர் மாறியது என்றும், சினிமாவில் காட்டுகிறதுபோல இப்படிப்பட்டவர்கள் பிறரைக் கொல்லத் திரிபவர்கள் அல்ல, பெரும்பாலும் தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்கிறவர்கள் என்றும் சொன்னார். முதலில் பாதுகாப்பையும் அன்றாட ஒழுங்கையும் நிலைப்படுத்துவது, அதற்குப் பிறகுதான் பழைய காயத்தைத் தொடுவது, கடைசியில் ஒன்றாக வாழப் பழகுவது என்று சிகிச்சை கட்டம் கட்டமாகப் போகும் என்றார். அவர் சின்னவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது. அத்தை கேட்ட அதே கேள்வி. அதைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அத்தைக்கும் எனக்கும் வருவது ஒன்றுதானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. உளவியலாளரிடம் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன், அத்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். 2013இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இந்த அனுபவத்தைச் சில சமூகங்கள் ஆவி பிடித்தலாக விவரிக்கும் என்று வரையறைக்குள்ளேயே சொல்கிறது. அதே சமயம், ஒரு சமூகம் பரவலாக ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் பகுதியாக வருவதை நோயாகக் கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. 2022இலிருந்து நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆவி பிடித்த மயக்க நிலைக்கும் என்னுடையதற்கும் தனித்தனி இலக்கம் கொடுத்திருப்பதோடு, இன்னொருவர் முழுமையாக வந்து உட்காராமல் உள்ளிருந்து குறுக்கிடும் நிலைக்கு மூன்றாவதாக ஓர் இலக்கமும் கொடுத்திருக்கிறது. நம் நாட்டு மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, கதிர்காமத்தில் சாமியாடும் பெண்களோடு பழகி ஆராய்ந்தவர். இறந்த உறவினரின் ஆவி பிடித்து வருந்திய பெண்கள் சிலர், காலப்போக்கில் அந்த ஆவியையே தெய்வத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, துன்பத்தை ஒரு வரமாக மாற்றி வாழ்ந்ததை அவர் காட்டியிருக்கிறார். அதை அறிந்தபோது, அத்தையின் வாழ்க்கையை முதன்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. மாமா இறந்த வருடம்தான் அவருக்கு முதல் அருள் வந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். பல வருடமாக ரதி வேஷம் கட்டுகிற அண்ணன் ஒருவரிடமும் கேட்டேன். மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும்போது ஊரே அழும், அவரும் நிஜமாகவே அழுவார். "அழுறது ரதிதான் தங்கச்சி. ஆனா நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன், அடுத்த அடி எங்க வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றார். தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்து ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணீர் குடித்தால் ரதி போய்விடுவாளாம். வீரபத்திரன் வேஷம் கட்டுகிறவருக்கோ அப்படியில்லை, பல வருடம் அவரை நாலு பேர் பிடித்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே கூத்தில், ஒரே இரவில், வேஷமும் அருளும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருக்கின்றன. நாலாவதாக ஒருவர், நான் இணையத்தில் சந்தித்த தமிழ் இளைஞர். அவர் தனிமையில் வருடக்கணக்காக மனத்தை ஒருமுகப்படுத்திப் பயின்று, தனக்குள் ஒரு துணையை வேண்டுமென்றே உருவாக்கிக்கொண்டவர். இப்படிச் செய்கிறவர்கள் அந்தத் துணையைத் துல்பா என்கிறார்கள், அது திபெத்திய மொழியிலிருந்து வந்த சொல். அவருக்கு நினைவு தப்புவதில்லை, சிறுவயதுக் காயமும் இல்லை என்றார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. நான் இரத்தம் சிந்திப் பெற்றதை இவர் பொழுதுபோக்காகப் பெற்றதாகத் தோன்றியது. அவர் பேசப் பேசத்தான், தனிமையில் செத்துப்போகாமல் இருக்க அவர் கண்ட வழி அது என்று புரிந்து, என் கோபத்துக்காக மன்னிப்புக் கேட்டேன்.

இவற்றையெல்லாம் ஒரே நோயின் கிளைகள் என்று சொல்கிறவர்களும், ஒரே தெய்வச் செயல் என்று சொல்கிறவர்களும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னுடையதைப் பற்றிக்கூட ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சிறுவயதின் தொடர்ச்சியான கொடுமைதான் வேர் என்பது ஒரு தரப்பு, சமூகத்தின் எதிர்பார்ப்பும் ஊடகமும் சிகிச்சையாளரின் கேள்விகளும் சேர்ந்து உருவம் கொடுக்கின்றன என்பது இன்னொரு தரப்பு. நான் வைத்தியரும் அல்ல, ஆய்வாளரும் அல்ல. வாழ்ந்து பார்த்தவளாக எனக்குத் தோன்றுவது, இவை ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் என்பதுதான். ஒரு லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கிறவர்களுக்குச் சுவர் பொது, கூரை பொது, அடுப்பு வேறு. மனித மனம் தன்னைப் பலராக வகுத்துக்கொள்ளவும் விலகி நின்று பார்க்கவும் வல்லது என்பது பொதுச் சுவர். அந்த வல்லமையைச் சடங்கு அழைத்தால் அருளாகிறது, கலை அழைத்தால் வேஷமாகிறது, பயிற்சி அழைத்தால் துணையாகிறது, தாங்க முடியாத வலி அழைத்தால் என்னைப்போல ஆகிறது. சுவர் பொது என்பதால் ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு உதவும். அடுப்பு வேறு என்பதால் ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

ஆகவே இப்போது யாராவது தங்களுக்குள் இன்னொருவர் இருப்பதாக என்னிடம் சொன்னால், அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்பதில்லை. அவர் கூப்பிட்டு வருகிறாரா, கூப்பிடாமல் வருகிறாரா என்று கேட்கிறேன். போகச் சொன்னால் போகிறாரா, வந்துபோன நேரம் நினைவிருக்கிறதா, அவர் வருவதால் உங்கள் சோறோ வேலையோ பிள்ளைகளோ பாதிக்கப்படுகிறார்களா, அவர் வரும்போது சுற்றியிருப்பவர்கள் உங்களைத் தாங்குகிறார்களா, பயப்படுகிறார்களா என்று கேட்கிறேன். அத்தைக்கு வருகிறவள் நாள் பார்த்து வருகிறாள், மஞ்சள் தண்ணீருக்கு மலையேறுகிறாள், ஊர் கும்பிடுகிறது, மறுநாள் அத்தை கொழுந்துக்குப் போகிறார். அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போக எனக்கு எந்த உரிமையும் இல்லை. என்னிடம் வந்தவர்கள் நாளும் பார்க்கவில்லை, சொல்லிவிட்டும் போகவில்லை, வேலையைப் பறித்தார்கள். எனக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. நாளைக்கே அத்தைக்குக் கண்ட நேரத்தில் அருள் வந்து, மலையேற மறுத்து, அவர் சாப்பிடாமல் கிடந்தால், அப்போது அவரையும் அழைத்துக்கொண்டு போவேன். புதிதாகப் பெயர் கிடைத்த உற்சாகத்தில் 2023இல் நான் அத்தையிடம், "உங்களுக்கும் இந்த நோய்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று மாதத்தையும் இழப்புக் கணக்கில்தான் எழுதுகிறேன். கிடைத்த பெயரை அடுத்தவர் தலையில் வைக்காதீர்கள். அதேபோல, இணையத்தில் இப்படி வாழ்கிறவர்களின் பேச்சைக் கேட்டால் தனிமை குறையும், ஆனால் அவர்களுக்குள் எத்தனை பேர், என்ன பெயர் என்று பார்த்து உங்களுக்குள்ளும் அத்தனை பேரைத் தேடாதீர்கள். எனக்குள் இருப்பவர்கள் இரண்டு பேர்தான், ஒருகாலத்தில் அது குறைவோ என்றுகூடக் கவலைப்பட்டேன்.

செலவைப் பற்றி இன்னொரு வார்த்தை. கடையில் கட்டியது 41,500, கோடாங்கிக்கு 180,000, தனியார் வைத்தியர்களுக்கும் மருந்துக்கும் வேன் கூலிக்கும் 96,000. எனக்கு உண்மையில் உதவிய இடங்களோ, அரசாங்க ஆஸ்பத்திரியின் இலவசக் கிளினிக்கும், அங்கிருந்து எழுதிக் கொடுத்த துண்டும்தான். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சந்திக்கக் காசு வேண்டாம். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கொடையில் இருக்கிற மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் எங்கள் ஊரில் பலர் கிளினிக் வாசலைக்கூட மிதிப்பதில்லை. நானும் அந்தப் பயத்தில்தான் ஒரு வருடம் பால்மா டின்னை மூடி வைத்திருந்தேன். நான் போய்வந்த இத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் எங்கும் அடைத்து வைக்கவில்லை.

இப்போது வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறேன். ஏ.டி.எம். அட்டை அம்மாவிடம் இருக்கிறது. சின்னவளுக்கென்று வாரம் 200 ரூபாய் அதே டின்னில் போடுகிறேன், ஒளித்து வைக்கத் தேவையில்லாமல். பெரியவர் இருட்டினால் மட்டும் எழுந்து கதவைத் தாழ் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். மூவரையும் ஒருவராக்கியே தீர வேண்டும் என்று உளவியலாளர் சொல்லவில்லை, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்தால் போதும் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள நாம் என்கிறோம், விலக்கி வைக்க நாங்கள் என்கிறோம். நான்கு வருடக் கொப்பிகளைப் புரட்டினால் சின்னவள் என்னிடம் எப்போதும் நாங்க, நாங்க என்றுதான் எழுதியிருக்கிறாள். 2024 ஓகஸ்டில் ஒரு நாள் காலை கொப்பியைத் திறந்தபோது, "நாம நாளைக்கு ரயில்ல போவோமா? சொரங்கம் வந்தா என் கையப் பிடிச்சுக்க" என்று எழுதியிருந்தாள். மறுநாள் ஹட்டனில் மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒன்று வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து பெட்டி இருண்டபோது, இடக்கையை வலக்கையால் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் வந்தது. கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டன், ராதெல்ல, நானுஓயா. ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப்பலகையையும் பார்த்துக்கொண்டே போனேன்.